ஓடாத வண்டியில் ஓட்டத்தின் உணர்வு: ஓட்டுநர் சிமுலேட்டர் உடலை எப்படி நம்பவைக்கிறது?

அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டர், அதாவது திரையில் சாலையைக் காட்டி வண்டி ஓட்டப் பழக்கும் பொறி, இருந்தாக வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் 2021 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இலகு ரக வாகனத்துக்கு 29 மணி நேரம், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 38 மணி நேரம் என்று பயிற்சியின் அளவையும் அந்த விதிகள் வரையறுத்தன. அதிலிருந்து திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்தில் கனரக உரிமம் எடுக்க நினைக்கும் இளைஞர்களும் அவர்களுடைய பெற்றோரும் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறார்கள்: நான்கு சுவருக்குள் நிற்கும் பெட்டியில் உட்கார்ந்து பஸ் ஓட்டக் கற்க முடியுமா? அசையும் சிமுலேட்டர் நல்லதா, அசையாததே போதுமா? நீண்ட காலம் பஸ் ஓட்டியவர் அதில் ஏறினால் ஏன் அவருக்குத் தலை சுற்றுகிறது?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. எந்தச் சிமுலேட்டராலும் வண்டியின் அசைவை முழுமையாகத் தர முடியாது. அசைவின் தொடக்கத்தை மட்டும் தந்து, மீதியை உடலே நிரப்பிக்கொள்ளும்படி செய்கிறது. அந்த வேலை நேர்த்தியாக நடந்தால் ஓட்டுநர் நம்புகிறார். பிசகினால், அசையவே அசையாத பொறியைவிட அது மோசமான ஆசிரியராகிவிடுகிறது.

உடல் எதை உணர்கிறது, எதை உணர்வதில்லை

வேகத்தை உணரும் உறுப்பு நம் உடலில் கிடையாது. நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போகும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டால், அதிர்வும் சத்தமும் தவிர ஓட்டத்துக்கு வேறு சாட்சி இல்லை. உடல் உணர்வது வேகம் மாறுவதை. அந்த மாற்றத்துக்கு முடுக்கம் என்று பெயர். பிரேக் போட்டால், ஆக்சிலேட்டரை மிதித்தால், வளைவில் திரும்பினால் முடுக்கம் பிறக்கிறது. சிமுலேட்டர் என்ற பொறி சாத்தியமாவதே இதனால்தான். சீரான வேகத்துக்கும் அசையாமல் நிற்பதற்கும் உட்செவி வேறுபாடு அறியாது.

உட்செவியில் இரண்டு வகை உணர்விகள் இருக்கின்றன.

1. அரைவட்டக் குழல்கள். ஒவ்வொரு காதிலும் மூன்று. தலை திரும்புவதை இவை உணர்கின்றன. நீர் நிறைந்த குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பும், உள்ளே நீர் பின்தங்கும். விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் நீரும் குடத்தோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். குழல்களுக்குள் இருக்கும் திரவமும் அப்படியே. அதனால் ஒரே சீரான சுழற்சி சில பத்து நொடிகள் நீடித்தால், சுழல்கிறோம் என்ற உணர்வே மங்கிவிடும்.

2. செவிக்கற்கள். கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய படிகங்கள், உணர்மயிர்களின் மேல் ஒரு பசைப்படலத்தில் பதிந்திருக்கின்றன. முன்னே, பின்னே, பக்கவாட்டில் தள்ளப்படும்போது படிகங்கள் பின்தங்கி மயிர்களை வளைக்கின்றன. தலை சாய்ந்தாலும் புவியீர்ப்பு அவற்றை இழுத்து அதே மாதிரி வளைக்கிறது. சாய்வையும் தள்ளலையும் இந்த உறுப்பால் மட்டும் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது உணர்வியின் இந்தக் குறைதான் சிமுலேட்டர் பொறியாளரின் மூலதனம். கட்டுரை முழுவதும் இதற்கே திரும்பி வருவோம்.

இவற்றோடு கண் சேர்கிறது. பஸ் நிலையத்தில் பக்கத்து பஸ் மெதுவாகப் பின்னே நகரும்போது, நம் பஸ் முன்னே போவதாக நினைத்து ஓட்டுநர் பதறிப் பிரேக்கை மிதிப்பதுண்டு. பார்வையின் ஓரத்தில் பெரிய பரப்பு நகர்ந்தாலே போதும், மூளை தான் நகர்வதாக முடிவுகட்டிவிடும். அதனால்தான் ஓட்டுநரின் இரு பக்கமும் வளைந்து வரும் அகலமான திரை முக்கியமாகிறது. முன்னால் ஒற்றைத் திரை மட்டும் இருந்தால் ஓட்டுநர்கள் தங்கள் வேகத்தைக் குறைவாக மதிப்பிட்டு, உண்மைச் சாலையைவிட விரைவாக ஓட்டுகிறார்கள்.

எழுபது மீட்டர் அறை எங்கே கிடைக்கும்?

வண்டியின் அசைவை அப்படியே தந்துவிட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர். பஸ் ஓட்டுநர் பதறாமல், பயணிகள் தடுமாறாமல் பிரேக் போட்டால், கடக்கும் ஒவ்வொரு நொடியிலும் அந்த வேகத்தில் 2 மீட்டர் குறையும்; இதையே இனி நொடிக்கு 2 மீட்டர் வீதம் என்போம். நிற்பதற்கு எட்டு நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் பஸ் கடக்கும் தூரம் ஏறக்குறைய 70 மீட்டர். இந்த ஒரு பிரேக்கை உள்ளது உள்ளபடி தர, பெட்டி 70 மீட்டர் ஓடும் தண்டவாளம் வேண்டும். பெட்டியை முன்கூட்டியே அந்த வேகத்துக்குக் கொண்டுவர வேண்டிய இடம் தனி.

உலகின் மிகப் பெரிய சிமுலேட்டர்களுக்கும் இந்த இடம் இல்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய மேம்பட்ட ஓட்டுநர் சிமுலேட்டரின் குவிமாடம் நகரும் களம் ஏறக்குறைய 20 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய சிமுலேட்டரில் ஏழு மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், உள்ளே உண்மைக் காரோடு, 35 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள பரப்பில் ஓடுகிறது. அதுவும் நம் கணக்கில் பாதிதான். சாதாரணப் பயிற்சி மையத்தில் நிற்கும் பொறிக்கு ஒரு மீட்டர் நகர்வு கிடைத்தாலே அதிகம்.

ஆறு கால் மேடை

அசையும் சிமுலேட்டர்களில் பெரும்பாலானவை ஒரே வடிவத்தின் மேல் நிற்கின்றன. தரையிலிருந்து சாய்வாக எழும் ஆறு கால்கள் ஒரு மேடையைத் தாங்குகின்றன. ஒவ்வொரு காலும் தனித்தனியே நீளும், சுருங்கும். ஆறையும் சேர்த்து இயக்கினால் மேடை முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் ஆகிய மூன்று நகர்வுகளையும், மூக்கு தாழ்தல் அல்லது உயர்தல், பக்கம் சாய்தல், திரும்புதல் ஆகிய மூன்று சுழற்சிகளையும் செய்யும்.

இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தில் எரிக் காஃப் 1950களில் டயர்களைச் சோதிக்க இத்தகைய பொறியை அமைத்தார். விமானச் சிமுலேட்டரை மனத்தில் வைத்து ஆறு வகை இயக்கம் கொண்ட மேடை பற்றி ஸ்டூவர்ட் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரை 1965இல் வந்தது. அதனால் அவர் பெயரே மேடைக்கு நிலைத்தது. அதற்கும் முன்னோடி அமெரிக்காவின் எட்வின் லிங்க். ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த அவர், அந்தக் கருவியின் துருத்திகளைக் கொண்டே 1929இல் விமானிப் பயிற்சிப் பெட்டியைச் சாய்த்துத் திருப்பினார்.

மேடையின் அடிப்படை வடிவம் அதன்பின் பெரிதாக மாறவில்லை. மாறியது, கால்களுக்குக் கட்டளை கொடுக்கும் கணக்கு. ஓட்டுநர் உணரும் தரத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது.

ஒரு பிரேக், நான்கு படிகள்

மேலே சொன்ன அதே பிரேக்கை அரை மீட்டர் மட்டுமே நகரக்கூடிய மேடையில் தர வேண்டும் என்று கொள்வோம்.

1. தொடக்கத் தள்ளல். ஓட்டுநர் மிதித்தவுடன் மேடை பின்னோக்கி நொடிக்கு 2 மீட்டர் வீதம் முடுக்கம் பெறுகிறது. ஓட்டுநரின் உடல் முன்னே போகிறது. இது உண்மையான உணர்வு, இதில் கலப்படம் இல்லை. ஆனால் அரை நொடிக்குள் மேடை கால் மீட்டர் நகர்ந்து, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை எட்டிவிடும்.

2. நிறுத்தம். மீதமிருக்கும் கால் மீட்டருக்குள் மேடை நின்றாக வேண்டும். நிற்க, எதிர்த்திசையில் அதே அளவு முடுக்கம் தேவை. ஓட்டுநர் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார், உடலோ பின்னே தள்ளப்படுகிறது. இதுதான் பொய்யான தள்ளல். மலிவான பொறிகளில் ஓட்டுநர் முகம் சுளிப்பது இந்த இடத்தில். இதைத் தவிர்க்க, முதல் தள்ளலைச் சிறிதாக்கி, நிறுத்தத்தை நீளமாகவும் மென்மையாகவும் பரப்ப வேண்டும்.

3. சாய்வு. மேடை நின்றுகொண்டிருக்கும்போதே பெட்டியின் மூக்கு மெல்லத் தாழ்கிறது. செவிக்கற்கள் சாய்வையும் பிரேக்கையும் பிரித்தறியாது என்று பார்த்தோம். புவியீர்ப்பு ஓட்டுநரை முன்னே இழுக்க, திரையில் சாலை சமமாகவே தெரிய, மூளை அதை பிரேக்காக ஏற்றுக்கொள்கிறது. இந்த உணர்வை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடித்து வைக்கலாம்.

4. திரும்புதல். சாய்வு பொறுப்பேற்றபின் மேடை சத்தமின்றி நடுவிடத்துக்கு ஊர்ந்து வருகிறது, அடுத்த அசைவுக்கு இடம் வேண்டுமே. ஓட்டுநர் உணராத அளவு மெதுவாக இது நடக்க வேண்டும். இந்த அழித்துத் திரும்பும் முறையைத் துறையினர் வாஷ்அவுட் என்கிறார்கள். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக ஷ்மிட், கான்ராட் ஆகிய இருவர் 1970இல் இதன் கணித வடிவத்தைத் தந்தார்கள். 1985இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ரீட், நஹோன் ஆகியோர் அதை ஒழுங்குபடுத்தி வெளியிட்டது இன்றும் பாடமாக இருக்கிறது.

கணித மொழியில் சொன்னால், வண்டியின் முடுக்கத்தை ஒரு வடிகட்டி இரண்டாகப் பிரிக்கிறது. சட்டென்று மாறும் பகுதி கால்களின் நகர்வுக்கும், நீடிக்கும் பகுதி சாய்வுக்கும் போகின்றன.

சாய்வு எங்கே தோற்கிறது

நொடிக்கு 2 மீட்டர் வீதம் வேகம் குறைவதைச் சாய்வால் காட்ட எவ்வளவு சாய வேண்டும்? புவியீர்ப்பு முடுக்கம் அதே கணக்கில் 9.8. இரண்டை அதனால் வகுத்துக் கோணம் கண்டால் ஏறக்குறைய 12 டிகிரி வரும். சாய்வதை அரைவட்டக் குழல்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதால், நொடிக்கு 3 டிகிரிக்கு மேல் சாய்ப்பதில்லை என்ற வரம்பைப் பல சிமுலேட்டர்கள் கடைப்பிடிக்கின்றன. ஆகவே 12 டிகிரிக்கு நான்கு நொடி. அந்த நான்கு நொடியில் உண்மை பஸ் மணிக்கு ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வேகத்தை இழந்திருக்கும். நிற்கும் வேலையில் பாதி முடிந்துவிட்டது, உடலுக்கு முழு பிரேக் இப்போதுதான் கிடைக்கிறது.

மறுமுனையில் இன்னொரு கோளாறு. உண்மை பஸ் நிற்கும் கணத்தில் முன்னே போன உடல் ஒரு சிறு குலுக்கலோடு பின்னே வரும். அந்தக் குலுக்கல் வராமல் நிறுத்துவதே நல்ல ஓட்டுநரின் அடையாளம். கடைசி ஒரு மீட்டரில் பிரேக்கைச் சற்றுத் தளர்த்துவார். சிமுலேட்டரில் வண்டி திரையில் நின்ற பிறகும் பெட்டி சாய்ந்தே இருக்கிறது, நிமிர நான்கு நொடி. அந்த நுணுக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டிய கணத்தில் உடலுக்குக் கிடைப்பது தவறான பதில்.

வரம்பைத் தளர்த்தி விரைவாகச் சாய்த்தால்? பிரேக் போடும்போது உண்மை வண்டியும் ஓரிரு டிகிரி மூக்கைத் தாழ்த்தும் என்பதால் ஓரளவு செல்லும். அதற்கு மேல் போனால், வண்டி நிற்பதாக இல்லாமல் பள்ளத்தில் கவிழ்வதாகத் தோன்றும். திடீரென்று ஒருவர் குறுக்கே வந்து, வேகம் நொடிக்கு 6 மீட்டர் வீதம் குறையும்படி அழுத்திப் பிடிப்பதைச் சாய்வால் காட்ட 38 டிகிரி வேண்டும். யாரையும் அப்படிக் கவிழ்த்து உட்காரவைத்து ஏமாற்ற முடியாது. அவசர பிரேக்கின் உடலுணர்வை எந்தப் பயிற்சி மையத்துப் பொறியும் கற்றுத்தராது. இதை மையங்கள் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாஞ்சோலைப் பாதையில் என்ன ஆகும்

நம் வட்டாரத்துக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதை, பாபநாசத்திலிருந்து காரையாறு செல்லும் பாதை, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் வழியே புனலூர் இறங்கும் பாதை என்று கனரக ஓட்டுநருக்கு மலை தவிர்க்க முடியாதது.

சரிவு சிமுலேட்டருக்கு நல்ல செய்தி. சரிவில் உடல் உண்மையிலேயே சாய்ந்திருக்கிறது, பெட்டியையும் அதே கோணத்தில் சாய்த்தால் போதும், ஏமாற்று எதுவும் தேவையில்லை. பதினைந்துக்கு ஒன்று என்ற இறக்கம் ஏறக்குறைய 4 டிகிரி. ஆனால் இறக்கத்தில் பிரேக் போடும்போது இரண்டும் கூடுகின்றன. 4 டிகிரி சரிவு, பிரேக்குக்கான 12 டிகிரி, மொத்தம் 16. மேடையின் எல்லை நெருங்கிவிடும். திரை மேடையோடு சேர்ந்து சாயாமல் தரையில் தனியே நின்றால் எல்லாம் வெளிச்சமாகிவிடும். பெட்டி சாய்வதைக் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

கொண்டை ஊசி வளைவு அதைவிடக் கடினம். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் பஸ் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறது என்றால் பக்கவாட்டு முடுக்கம் அதே கணக்கில் 1.2க்குச் சற்றுக் குறைவு. அதற்கு 7 டிகிரி பக்கச் சாய்வு போதும், இரண்டு மூன்று நொடியில் எட்டிவிடலாம். சிக்கல் திரும்புவதில் இருக்கிறது. வளைவைக் கடக்கும் பதினோரு நொடியில் பஸ் 180 டிகிரி திரும்புகிறது, அதாவது நொடிக்கு 16 டிகிரி. ஆறு கால் மேடையால் அந்த அளவில் ஒரு சிறு பகுதிதான் திரும்ப முடியும். திரையில் மலை முழுவதும் சுற்றி வருகிறது, காதோ கொஞ்சம் திரும்பி நின்றுவிட்டோம் என்கிறது. ஐயோவாவில் குவிமாடத்தைச் சுழல்தட்டின் மேல் வைத்து 330 டிகிரி வரை திருப்புவது இதற்காகத்தான். அப்படிப்பட்ட வசதி இல்லாத பொறியில் அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகளை ஓட்டச் சொல்வது குமட்டலை வரவழைக்கும்.

மலை இறக்கத்தில் சிமுலேட்டர் ஒன்றை மட்டும் மிகச் சிறப்பாகக் கற்றுத்தரும். அது பிரேக் சூடேறிப் பிடிப்பை இழப்பது. உயர் கியரில் இறங்கிக்கொண்டு, பிரேக்கை விடாமல் மிதித்தால் டிரம்கள் சூடாகி, ஒவ்வொரு மிதியிலும் வேகம் குறைவது குறைந்துகொண்டே வரும். உண்மை பஸ்ஸில் மாணவரை வைத்துக்கொண்டு இதைக் காட்ட எந்த ஆசிரியரும் துணிய மாட்டார். சிமுலேட்டரில் மாணவர் அதை முழுமையாகப் பட்டு அறியலாம். குறைந்த கியரில் எஞ்சின் பிடிப்பில் இறங்கினால் என்ன வேறுபாடு என்பதையும் அதே இறக்கத்தில் உடனே பார்க்கலாம். இதற்கு மேடை அசைய வேண்டிய தேவையே இல்லை.

ஆரல்வாய்மொழிக் காற்றும் ஒரு பழைய பாகுபாடும்

அசைவு எப்போது உண்மையில் உதவுகிறது? விமானச் சிமுலேட்டர்களை ஆராய்ந்தவர்கள் 1970களிலேயே ஒரு பாகுபாடு செய்தார்கள். ஓட்டுபவர் தானே உண்டாக்கும் அசைவு ஒன்று, வெளியிலிருந்து வந்து வண்டியைத் தாக்கும் அசைவு மற்றொன்று. தான் பிரேக் போட்டால் என்ன நடக்கும் என்று ஓட்டுநருக்கு முன்பே தெரியும். உடலுணர்வு அதை உறுதி மட்டுமே செய்கிறது. வெளியிலிருந்து வரும் தாக்குதலுக்கு முன்னறிவிப்பு இல்லை. அங்கே கண்ணைவிடக் காது முந்துகிறது.

காவல்கிணறு தாண்டி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியே நாகர்கோவில் போகும் சாலையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஓட்டியவர்களுக்கு இது புரியும். காற்றாலைகள் அங்கே அடர்ந்து நிற்பதே கணவாய் காற்றைக் குவிப்பதால்தான். முன்னே போகும் லாரியின் மறைவில் இருந்த பஸ், அதை முந்தி வெளியே வந்ததும் காற்று விலாவில் அறைகிறது. பஸ் விலகியிருப்பதைக் கண் காண்பதற்கு முன், இருக்கையில் உடல் ஒரு தள்ளலை உணர்கிறது, கை ஸ்டீயரிங்கைத் திருத்தத் தொடங்கிவிடுகிறது.

இந்தத் தள்ளல் குறுகியது, அரை நொடிக்குள் முடிவது. ஆறு கால் மேடை மிக நன்றாகச் செய்யக்கூடிய அசைவு இதுதான். பொய்யான தள்ளலும் நீண்ட சாய்வும் தேவைப்படாத இடம். அசையும் சிமுலேட்டர் வாங்க மையம் பணம் செலவழித்திருந்தால், பிரேக் பாடங்களைவிடக் காற்று, டயர் வெடிப்பு, சாலையோரம் மண்ணில் ஒரு பக்கச் சக்கரம் இறங்குதல் போன்ற பாடங்களுக்கே அதைப் பயன்படுத்த வேண்டும்.

சிறு அசைவுகளின் பெரிய பங்கு

பெரிய கால்களைவிடச் சிறு அதிர்வுகள் குறைந்த செலவில் அதிக நம்பகத்தன்மை தருகின்றன. மேல்கீழ் அதிர்வில் மனித உடல் மிகக் கூர்மையாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை அதிரும் வரம்பு. சாலையின் கரடு இந்த வரம்பில் அதிகம் வருகிறது. அதற்குச் சில மில்லிமீட்டர் நகர்வே போதும்.

எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும்போது, சுற்றுக்கு மூன்று எரிப்பு வீதம் நொடிக்கு 30 முறை அதிர்கிறது. கியர் மாற்றத் தாமதித்தால் அந்த அதிர்வு தடித்து வண்டியே உதறும். மீட்டரைப் பார்க்காமல் கியர் மாற்றும் ஓட்டுநர் இருக்கையாலும் கால் பாதத்தாலும் இதைப் படிக்கிறார். இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வுப் பொறியை வைத்து இதைத் தரலாம்.

வேகத்தடையும் சிமுலேட்டருக்கு எளிது. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி அமைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஒரு சக்கரம் அதைக் கடக்க அரை நொடி. பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குவதை மேடை அப்படியே செய்துவிடும், கால்களுக்கு நீளம் போதும்.

ஸ்டீயரிங் இவற்றுக்கெல்லாம் மேல். திருப்பிய சக்கரங்கள் தாமாகவே நேராக முயல்வதால் ஸ்டீயரிங்கில் ஒரு எதிர்ப்பு வருகிறது. டயர் பிடிப்பின் எல்லையை நெருங்கும்போது, வண்டி வழுக்குவதற்குச் சற்று முன்பே அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும். சாரல் நேரத்தில் குற்றாலம் சாலையில் கைக்கு ஸ்டீயரிங் லேசாகத் தெரிவது ஓர் எச்சரிக்கை. ஸ்டீயரிங்கின் பின்னே உள்ள மின்மோட்டார் இதைச் சரியாகத் தந்தால், அசையாத சிமுலேட்டரும் பாதி உண்மையாகிவிடும். ஸ்பிரிங் மட்டும் பொருத்திய ஸ்டீயரிங்கோ எந்த வேகத்திலும் ஒரே மாதிரி இழுக்கும், அதில் பழகிய கை அந்த எச்சரிக்கையைத் தேடக் கற்றிருக்காது.

தாமதமும் தலைசுற்றலும்

ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். கணினி அதை அளந்து, பஸ் எப்படி நகரும் என்று கணக்கிட்டு, படத்தை வரைந்து, கால்களுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கே ஏறக்குறைய 17 மில்லிநொடி. எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு நொடி ஆகிவிட்டால், மணிக்கு 60 கிலோமீட்டரில் பஸ் 1.7 மீட்டர் போயிருக்கும். ஓட்டுநர் திருத்தியது போதவில்லை என்று மேலும் திருப்புவார், பிறகு எதிர்ப்பக்கம் திருப்புவார், வண்டி பாம்பாக நெளியும். படத்துக்கும் அசைவுக்கும் தாமதம் வேறுவேறாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

கண் ஒன்று சொல்ல, காது வேறு சொல்ல, மூளை தடுமாறும்போது குமட்டலும் வியர்வையும் தலைசுற்றலும் வருகின்றன. இதை அளக்க 1993இல் வெளியான 16 அறிகுறிகள் கொண்ட வினாப்பட்டியல் உலகெங்கும் இன்னும் பயன்படுகிறது. இதில் அனுபவசாலிகளே அதிகம் அவதிப்படுவதை அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் சிமுலேட்டரில் 1950களின் இறுதியிலேயே கவனித்தார்கள். மாணவர்களைவிட ஆசிரியர்களுக்கு அதிகம் குமட்டியது. உண்மை அசைவு எப்படி இருக்கும் என்று உடல் ஆழமாகக் கற்றிருப்பதால், பொய்யை அது உடனே பிடித்துவிடுகிறது. ஆகவே மூத்த ஓட்டுநர் ஒருவர் சிமுலேட்டரில் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் அவரைக் கிண்டல் செய்வது தவறு. அவருடைய உடல் பொறியைச் சோதித்து, அதன் குறையைச் சொல்லியிருக்கிறது.

மென்பொருள் இப்போது எங்கே நிற்கிறது

பழைய வாஷ்அவுட் முறை மிக மோசமான அசைவை எண்ணியே எப்போதும் எச்சரிக்கையோடு இயங்கும். அதனால் மேடையின் நீளத்தில் பெரும்பகுதி பயன்படாமலே கிடக்கும். புதிய முறையில் கணினி ஒவ்வொரு கணமும் அடுத்த ஒன்றிரண்டு நொடிகளில் வண்டி என்ன செய்யக்கூடும் என்று முன்கணித்து, காலில் மிச்சமுள்ள நீளம், உட்செவியின் உணர்வெல்லை இரண்டையும் வைத்து மிகச் சிறந்த நகர்வைத் தேர்ந்தெடுக்கிறது.

பயிற்சிப் பாதை முன்பே தெரிந்ததென்றால் இன்னும் ஒரு வசதி உண்டு. நெல்லை வண்ணார்பேட்டைச் சந்திப்பை நெருங்குகிறோம், பிரேக் வரப்போகிறது என்று கணினிக்குத் தெரியும். மேடையை முன்னதாகவே, உணர முடியாத மெதுவில், முன் ஓரத்துக்கு நகர்த்தி வைத்துவிடலாம். பிரேக் போடும்போது நடுவிலிருந்து பாதி நீளத்துக்குப் பதில் முழு நீளமும் கிடைக்கும்.

அசைவைக் குறைத்துத் தருவதும் நல்ல பலன் தருகிறது. கணக்கிட்ட முடுக்கத்தில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை மட்டும் தரும்போது இயல்பாக இருப்பதாகப் பல ஓட்டுநர்கள் உணர்கிறார்கள். முழு அளவு அவர்களுக்கு மிகையாகப் படுகிறது. காட்சிக்காக அளவுக்கு மீறிக் குலுக்கும் பொறிகள் செய்வது இதற்கு நேர்மாறு.

பயிற்சி மையத்தில் கேட்க வேண்டியவை

பணம் கட்டும் முன் ஒரு முறை சிமுலேட்டரில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிறகு இவற்றைக் கவனியுங்கள்.

1. மெதுவாகப் பிரேக் போட்டு முழுவதும் நிறுத்துங்கள். இடையில் உடல் பின்னே தள்ளப்படுகிறதா? ஆம் என்றால் அசைவை நிறுத்திவைத்துக் கற்பிக்க முடியுமா என்று கேளுங்கள். பல பொறிகளில் அதற்கு வழி உண்டு.

2. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று சிறிது இடதும் வலதும் திருப்புங்கள். படமும் பெட்டியும் ஒன்றாக, உடனே அசைய வேண்டும்.

3. திரை பெட்டியோடு சேர்ந்து நகர்கிறதா, பக்கவாட்டிலும் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. பாடங்களில் எந்தச் சாலை இருக்கிறது? இடப்பக்கப் போக்குவரத்து, குறுக்கே வரும் இருசக்கர வாகனம், சாலையில் படுத்திருக்கும் மாடு, வேகத்தடை, மலை இறக்கம் ஆகியவை இல்லாத வெளிநாட்டு நெடுஞ்சாலைக் காட்சி என்றால், எவ்வளவு அருமையாக அசைந்தாலும் நெல்லைச் சாலைக்கு அது ஆயத்தம் செய்யாது.

5. முதல் நாள் அமர்வு குறுகியதாக இருக்கிறதா? பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, இறங்கி, மறுபடி ஏறுவது உடலுக்கு நல்லது. குமட்டல் தொடங்கியவுடன் நிறுத்த வேண்டும். இறங்கியவுடன் உண்மை வண்டியை ஓட்டக் கூடாது.

கியர் வரிசை, கண்ணாடி பார்க்கும் பழக்கம், அபாயத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளுதல், எஞ்சின் பிடிப்பில் இறங்குதல், காற்றுத் தள்ளலைச் சமாளித்தல் ஆகியவற்றைச் சிமுலேட்டரில் நம்பிக் கற்கலாம். பிரேக்கின் அளவு, நிறுத்தும் கடைசி மீட்டரின் மென்மை, கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் பின்பாகம் எங்கே வருகிறது என்ற உணர்வு ஆகியவற்றுக்கு உண்மை பஸ்ஸும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் அனுபவமுள்ள ஓட்டுநரும் வேண்டும். 38 மணி நேரத்தில் எதற்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.